மிதிலைச் சுவரும் கங்காதேவி அம்மையாரும்

மிதிலை என்னும் பெயர் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. பாலகாண்டத்தில் மிதிலைக் காட்சிப் படலம் என ஒரு படலத்தையே கம்பர் அந்நகருக்கென வகுத்தார். இராமகதை நிகழும் மேடைகளில் கன்னிமாடத்தில் நின்ற பிராட்டியாரையும் வீதி வழிச் சென்ற பெருமானையும் பற்றிக் கேளாத செவி தமிழகத்தில் இராது. ஆயினும் அந்த மிதிலை இன்றும் மக்கள் வாழும் நாடு என்பதும், அங்குள்ள மகளிர் சீதா கல்யாணத்தைத் தம் வீட்டுச் சுவர்களில் வழிவழியாக எழுதி வருகின்றனர் என்பதும் பலர் நினைவுக்கு எட்டுவதில்லை.

கங்கையாற்றுக்கு வடக்கே இமயமலையின் அடிவாரம் வரை பரந்து கிடக்கும் சமவெளியே மிதிலை. அதன் ஒரு பகுதி பீகார் மாநிலத்தில் தர்பங்கா, மதுபனி, சீதாமடி முதலிய மாவட்டங்களாக உள்ளது. ஜானகியின் கோயில் விளங்கும் ஜனகபுரி நேபாள நாட்டின் எல்லைக்குள் இருக்கிறது. கமலை, கோசி, பாகமதி முதலிய ஆறுகள் ஆண்டுதோறும் பெருக்கெடுத்து வண்டலைக் கொணர்ந்து பரப்பும் நிலம் அது. ஊர்தோறும் குளம், குளந்தோறும் தாமரையும் மீனும், கரை நெடுக மாந்தோப்பும் மூங்கிற் புதரும். மக்கள் பேசும் மொழி மைதிலி. இராதாகிருஷ்ண பக்தியை இனிய பாடல்களாகப் பொழிந்த வித்யாபதி அம்மொழியின் பெரும் புலவர்.

இராமபிரானின் திருமணத்தின்போது நகரத்து வீடுகளெல்லாம் சித்திரங்களால் அணி செய்யப்பட வேண்டுமென்று ஜனகர் ஆணையிட்டார் என்றும், அன்று தொடங்கிய வழக்கமே இன்றுவரை நிற்கிறது என்றும் அந்நாட்டார் கூறுவர். கல்வெட்டையோ செப்பேட்டையோ காட்டி இதனை நிறுவ இயலாது. ஆனால் சுவரின்முன் அமர்ந்து அரிசி மாவைக் குழைக்கும் மூதாட்டிக்கு அதில் ஐயம் சிறிதும் இல்லை. பிராட்டியார் அவளுக்குக் காவியத் தலைவி மட்டும் அல்லர். தம் ஊரில் பிறந்து, வெளியூரில் வாழ்க்கைப்பட்டு, துன்புற்ற மகள். மார்கசீரிஷ மாதத்து வளர்பிறைப் பஞ்சமியன்று ஜனகபுரியில் சீதா கல்யாணத்தைப் பெருவிழாவாகக் கொண்டாடும் அதே மக்களுள் பலர், தம் வீட்டுப் பெண்ணுக்கு அந்நாளில் மணம் செய்விக்க மனம் ஒப்புவதில்லை. ஜானகி பட்ட பாடு தம் மகளுக்கும் வந்துவிடலாகாதே என்ற அச்சமே காரணம். வேறெந்த நாட்டிலும் காவியம் இத்தனை நெருக்கமாக வீட்டுக்குள் வந்து தங்கியிருக்குமா என்பது ஐயமே.

மிதிலைச் சித்திரங்களுள் தலையாயது கோஹ்பர் எனப்படும். மணமகள் வீட்டில் புதுமணத் தம்பதியர் முதல் நான்கு இரவுகள் தங்கும் அறைக்குக் கோஹ்பர் கர் என்று பெயர். அதன் சுவரில் எழுதப்படும் சித்திரம் கோஹ்பர். நடுவே ஒரு தண்டு செங்குத்தாக எழும். அதனைச் சூழ வட்ட வட்டமாகத் தாமரைகள் மலர்ந்திருக்கும். பக்கத்தில் மூங்கிற்கொத்து தழைத்து நிற்கும். தாமரை பெண்மைக்கும் மூங்கில் ஆண்மைக்கும் குலம் பெருகுதலுக்கும் குறி. இவற்றினிடையே மீன், ஆமை, கிளி, பாம்பு ஆகிய உயிர்கள் இடம் பெறும். சூரிய சந்திரர் சாட்சியாக வருவர். சிவனும் பார்வதியும் வந்து வாழ்த்துவர். அறையின் நான்கு மூலைகளிலும் ஒற்றைக் கண் மட்டும் தெரிய முக்காடிட்ட பெண்ணுருவங்கள் எழுதப்படும். இவர்களுக்கு நைனா ஜோகின் என்று பெயர். மணமக்கள்மீது கண்ணேறு படாமற் காப்பது இவர்கள் பணி. தமிழ்நாட்டுத் திருமண வீட்டில் ஆரத்தி சுற்றித் திருஷ்டி கழிக்கும் அன்னையர்க்கு இதன் உட்பொருளை விளக்க வேண்டியதில்லை.

சுமங்கலியான ஒரு மூத்த பெண்மணி முதற் கோட்டை இழுப்பார்; பின்னர் வீட்டுப் பெண்கள் யாவரும் பாடிக்கொண்டே கை கொடுப்பர். விளக்குப் புகையில் படிந்த கரி கருமைக்கு, மஞ்சட்கிழங்கு மஞ்சளுக்கு, அவரை இலைச் சாறு பசுமைக்கு, குசும்பப் பூ செம்மைக்கு, அரிசி மாக்குழம்பு வெண்மைக்கு. சாணம் இட்டு மெழுகிய மண்சுவரே பலகை. பஞ்சு சுற்றிய மூங்கிற் குச்சியே தூரிகை. தரையில் அரிசி மாவால் இடும் கோலமும் அவர்களிடம் உண்டு. அதனை அரிபன் என்பர். தமிழகத்து மாக்கோலத்தின் உடன்பிறப்பு என்றே அதனைக் கூறலாம்.

ஒரு செய்தி ஈண்டுக் கருதத்தக்கது. மிதிலைப் பெண்கள் கோஹ்பரை ‘வரைகிறோம்’ என்று கூறுவதில்லை. ‘எழுதுகிறோம்’ என்றே கூறுவர். சித்திரம் எழுதுதல், கண் எழுதுதல் என்ற பழந்தமிழ் வழக்கும் இதுவே அன்றோ! நெடுந்தொலைவில் வாழும் இரு மக்களினத்தார், கோட்டுக்கும் எழுத்துக்கும் வேறுபாடு காணாமல் ஒரே சொல்லை ஆண்டிருக்கின்றனர். அந்நாட்டில் கணக்கும் எழுத்தும் தொழிலாகக் கொண்ட காயஸ்தர் குலத்துப் பெண்கள், வண்ணத்தைக் கொட்டி நிரப்பாமல், மெல்லிய கோடுகளை அடுக்கி அடுக்கியே உருவம் சமைப்பர். இம்முறைக்குக் கச்னி என்று பெயர். கருமை, செம்மை ஆகிய இரண்டு மசிகளே அதற்குப் போதும். அந்தணர் வீட்டுப் பெண்கள் வண்ணம் நிரப்பும் பர்ணி முறையைப் பெரிதும் கையாண்டனர்.

திருமணம் முடிந்து சில காலம் சென்றால் சுவர் மங்கும்; மழையில் மண் பெயரும்; மறுபடியும் சாணம் மெழுகப்படும். மறைந்த சித்திரத்துக்காக எவரும் வருந்துவதில்லை. அடுத்த மகளுக்கு மணம் வரும்போது அதே சுவரில் அதே தாமரை மீண்டும் மலரும். காலையில் இட்ட கோலம் மாலைக்குள் மிதிபட்டு அழிவதைக் கண்டு தமிழ்ப் பெண் கலங்குகிறாளா? மறுநாள் விடியலில் அவள் கை அதனைத் திரும்பப் படைத்துவிடும். சித்திரம் இருந்தது சுவரில் அன்று, கையில்.

இக்கலை வெளியுலகின் கண்ணிற்பட்டது ஒரு பேரிடரினால். 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் வட பீகாரை ஒரு கொடிய நிலநடுக்கம் குலைத்தது. வீடுகள் பிளந்து வீழ்ந்தன. அப்போது மதுபனிப் பகுதியில் அதிகாரியாக இருந்த ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர், இடிபாடுகளைக் காணச் சென்றவர், பிளந்த சுவர்களின் உட்புறத்தில் அந்நியர் எவரும் கண்டிராத அச்சித்திரங்களைக் கண்டு திகைத்தார். அவற்றைப் படம் பிடித்து, 1949-இல் ‘மார்க்’ என்னும் கலை இதழில் கட்டுரை எழுதி உலகறியச் செய்தார். அந்தப்புரத்துக்குரிய கலை அவ்வாறு வெளிவந்தது.

இரண்டாவது இடர் 1966, 1967-ஆம் ஆண்டுகளில் வந்த வறட்சியும் பஞ்சமும். வயல் காய்ந்தது, வீட்டில் அடுப்பு எரியவில்லை. அப்போது அகில இந்தியக் கைத்தொழில் வாரியத்தில் பொறுப்பு வகித்த புபுல் ஜயகர் அம்மையார், பம்பாயைச் சேர்ந்த ஓவியர் பாஸ்கர் குல்கர்ணியை மதுபனிக்கு அனுப்பினார். சுவரில் எழுதியதைத் தாளில் எழுதித் தந்தால் விலைக்கு வாங்கிக்கொள்வதாக அவர் ஊர் ஊராகச் சென்று சொன்னார். சில பெண்கள் முன்வந்தனர், பலர் தயங்கினர். மங்கலச் சடங்குக்குரியதை விற்பது தகுமா என்ற கூச்சம் இயல்பே. பசி கூச்சத்தை வென்றது. ஜிதவார்பூரைச் சேர்ந்த ஜகதம்பா தேவி, சீதா தேவி முதலியோரின் பெயர்கள் இவ்வாறே நாடறியப் பரவின. பூசனைக்கு எழுதிய கை கூலிக்கு எழுதலாயிற்றே எனக் குறை கூறுவார் உளர். பட்டினி கிடந்த வீட்டின் படியேறிப் பார்த்தவர் அவ்வாறு கூறார்.

அக்காலத்தே எழுந்த கலைஞர்களுள் எவரினும் தனித்து நிற்பவர் கங்காதேவி அம்மையார். 1928-ஆம் ஆண்டில், மிதிலையின் காயஸ்தர் குடும்பமொன்றில் பிறந்தவர். ஓவியக் கல்லூரி ஒன்றின் வாயிலையும் அவர் மிதித்தவரல்லர். தாயும் பிற மூத்த பெண்டிரும் எழுதுவதைப் பக்கத்திலிருந்து பார்த்ததே அவருடைய பாடம். அவ்வளவு பேர் பார்த்தனர். அவருக்கு மட்டும் ஏன் அவ்வாறு கை வந்தது என்பதற்கு விடை கூறுதல் அரிது. முன்னைத் தவம் என்பார் ஒருசாரார்; இடையறாப் பழக்கம் என்பார் மற்றொரு சாரார்.

மணவாழ்வு அம்மையாருக்கு இன்பம் தரவில்லை. கணவர் இரண்டாம் மனைவியை மணந்தார். புகுந்த வீட்டில் அவருக்கிருந்த இடம் பறிபோயிற்று. வறுமையும் தனிமையும் வந்தன. எத்தனையோ மணமகளிர்க்குக் கோஹ்பர் எழுதி, அவர்கள் இல்லறம் தாமரைபோல் தழைக்க வேண்டுமென்று வாழ்த்திய ஒருவர்க்குத் தம் இல்லறம் அவ்வாறு முறிந்தது. தாளும் மசியும் அவருக்குப் பிழைப்பாக வந்தன. பின்னர் அவையே பற்றுக்கோடாயின.

பழைய உருவங்களைத் திரும்பத் திரும்ப எழுதியே அவர் வயிறு வளர்த்திருக்கலாம். வாங்குவோர் அதற்கு மேல் வேண்டினாரல்லர். அவரோ இராமாயணத்தை வரிசை வரிசையான காட்சிகளாகக் கோட்டில் எழுதினார். பின்னர் ‘மானவ ஜீவன்’ என்ற பெயரால் மனித வாழ்வைத் தொடர் சித்திரமாக்கினார். கருவுற்ற தாய், மகப்பேறு, ஆறாம் நாள் சடங்கு, வளர்ச்சி, திருமணம் என ஒரு கிராமத்துப் பெண்ணின் பிறவி முழுதும் அதில் விரிகிறது. பிரசவ அறையை எழுதுவதற்கு மரபில் மாதிரி இல்லை. பாட்டியிடம் கேட்டறிய வழியும் இல்லை. கோஹ்பரின் இலக்கணத்தைக் கொண்டே அவர் புதியதைப் படைத்தார். அவருடைய கோட்டின் நுட்பத்தைப் பலரும் புகழ்வர். அதனினும் பெரிது, எழுதப்படாதிருந்த பெண்ணின் வாழ்வை எழுதத் துணிந்த அந்த நெஞ்சுறுதி.

பத்ரிநாத யாத்திரை சென்று வந்தார், அதுவும் சித்திரமாயிற்று. வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையும், அதன்மேல் ஊரும் வண்டியும், முடிவில் நாராயணன் சந்நிதியுமாக ஒரே தாளில் முழு யாத்திரையும் அடங்கியது. தலயாத்திரை சென்று திரும்பிய பாட்டி திண்ணையில் அமர்ந்து கதை சொல்வது போன்ற அமைப்பு அது. இன்ன இடத்தில் இன்னது கண்டோம் என்ற ஒழுங்கு தவறாது.

1984-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற இந்தியத் திருவிழாவுக்கு அழைக்கப்பட்டு வாஷிங்டன் நகரம் சென்றார். மதுபனியின் மண்சுவரிலிருந்து அங்கே போனவர் மருண்டிருப்பார் என்றுதான் எவரும் நினைப்பர். அவரோ அந்நகரத்து நெடிய நினைவுத் தூணையும், கேளிக்கைத் திடலில் தலைகீழாகச் சுழன்றோடும் வண்டியையும் கண்டு, அவற்றையும் தம் கோட்டில் எழுதினார். பார்த்தால் அமெரிக்கா, இழைத்திருப்பதோ மிதிலை. சுழலும் வண்டியின் பாதை கொடிபோல் வளைகிறது. கொடிகளும் மாந்தரும் கோஹ்பரின் இலையும் கிளியும் நிற்கும் ஒழுங்கில் நிற்கின்றனர். அயல்நாட்டார் அவர் கலையை விந்தையெனப் பார்க்க, அவர் அவர்கள் நாட்டை விந்தையெனப் பார்த்து எழுதினார்!

நிற்க. சில ஆண்டுகளில் அவரைப் புற்றுநோய் பற்றியது. தில்லியில் நீண்ட சிகிச்சை நடந்தது. மருத்துவமனைக் கட்டிலும், நரம்பில் மருந்து ஏறும் குழாயும், சூழ நின்றோருமாக அத்துன்பத்தையும் அவர் வரிசையாக எழுதினார். தம் உடலில் நிகழ்வதைப் பிறர்க்கு நிகழ்வது போல் தள்ளி நின்று காணும் திறன் ஞானியர்க்கு உண்டென நூல்கள் கூறும். அம்மையார் ஞானம் பேசியவரல்லர். கையில் பேனா இருந்தது. கண் முன்னே நிகழ்ந்ததை எழுதினார்.

அந்நாட்களில்தான், தில்லிப் பிரகதி மைதானத்தை அடுத்த தேசியக் கைவினை அருங்காட்சியகத்தில் ஓர் அறையின் சுவர்களைக் கோஹ்பர் கர் ஆக எழுதும் பணியை அவர் மேற்கொண்டார். தாளில் புகழ் பெற்றவர், தாம் தொடங்கிய சுவருக்கே திரும்பி வந்தார். நோயும் மருந்தின் வெம்மையும் உடலை வாட்ட, அவ்வப்போது ஓய்ந்து அமர்ந்து, மறுபடி எழுந்து, தாமரை வட்டங்களையும் மூங்கிலையும் மணக்கோலத்தையும் இழை இழையாக எழுதி முடித்தார். அவர் எழுதிய பெருஞ் சுவர்களுள் அது இறுதியானது. 1991-ஆம் ஆண்டில் அம்மையார் மறைந்தார். அவ்வருங்காட்சியகத்தின் தலைவராக விளங்கிய ஜ்யோதீந்திர ஜெயின், அவர் வாழ்வையும் கலையையும் பற்றி 1997-இல் ஒரு நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கையெழுத்திடாத கலையெனக் கருதப்பட்ட நாட்டுப்புறச் சித்திரத்தில், ஒரு தனிப்பெண்ணின் பெயரால் அத்தகைய நூல் எழுந்தது பெருஞ்சிறப்பே.

அந்த அறை கால் நூற்றாண்டு நின்றது. 2015-ஆம் ஆண்டில், கட்டடத்தைச் சீரமைக்கும் பணியின் ஊடே அச்சுவர்ச் சித்திரம் அழிக்கப்பட்டது. செய்தி வெளிவந்தபோது கலையன்பர் பலர் வருந்தியும் வெகுண்டும் எழுதினர். சுவர்ச் சித்திரம் அழிந்து மீண்டும் எழுதப்படுவதுதானே அவர்கள் வழக்கம் என்று ஆறுதல் கூறியவர்களும் உண்டாம். அந்த ஆறுதல் பொருந்தாது. கிராமத்தில் சுவரை மெழுகுபவள் எழுதத் தெரிந்தவள். அவளே நாளை அதன்மேல் எழுதப் போகிறவள். தில்லியில் சுவரைத் துடைத்த கைக்கு ஒரு கோடும் தெரியாது. எழுதிய கையோ இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஓய்ந்துவிட்டது.

திருப்பணிகள் நிகழும் காலத்தில் இச்செய்தி தமிழகத்தாருக்கும் உரியது. திருக்கோயில் மண்டபங்களின் விதானத்திலும் திருச்சுற்று மதில்களிலும் பண்டைச் சித்திரக்காரர் எழுதிய புராணக் காட்சிகள் பல, அழுக்கென்று கருதப்பட்டுச் சுண்ணாம்பின் கீழ் மறைந்துள்ளன. நல்லெண்ணத்தோடு பொருளுதவி செய்தவர்களே, ‘புதுப்பொலிவு வேண்டும்’ என்று சொல்லி அவ்வாறு செய்வித்ததும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில், கருவறையைச் சூழ்ந்த இருண்ட சுற்றில், நாயக்கர் காலத்து ஓவியப் பூச்சின் உள்ளே சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சுரண்டி எடுக்காமல் மேலே பூசியதால் மட்டுமே அவை தப்பின. அன்று பூசியவர்கள் மேலே எழுதத் தெரிந்தவர்களாகவும் இருந்தனர். கல்லின்மேல் மணலை வீசிச் சுத்தம் செய்யும் பிற்கால முறையில் அந்த வாய்ப்பும் இல்லை.

மிதிலையில் கை இன்னும் ஓயவில்லை. ராண்டி கிராமத்து மகாசுந்தரி தேவிக்கு 2011-லும், பௌவா தேவிக்கு 2017-லும், கோதாவரி தத்துக்கு 2019-லும் பத்மஸ்ரீ விருது கிட்டியது. 2021-இல் அவ்விருதைப் பெற்ற துலாரி தேவியின் வரலாறு தனியே எழுதத்தக்கது. மீனவர் குலத்தில் பிறந்து, வறுமையால் மகாசுந்தரி தேவி, கர்ப்பூரி தேவி ஆகியோரின் இல்லங்களில் வீட்டு வேலை செய்து வந்தவர் அவர். பாத்திரம் துலக்கிய நேரம் போக, எஞ்சிய நேரத்தில் அவர்கள் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். பின்னர் ஈரமண் தரையில் ஒரு குச்சியால் தாமும் கீறிப் பார்த்தார்.